உப்பில்லாக் கீரையும் கோழியில்லா முற்றமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



சிறுபாணாற்றுப்படையில் ஒரு கதவு அடைக்கப்படுகிறது. நல்லூர் நத்தத்தனார் பாடிய அந்நூலில், ஓய்மான் நல்லியக்கோடனிடம் பரிசில் பெறுவதற்கு முன் பாணனின் குடும்பம் இருந்த நிலையைச் சொல்லும் இடம் அது. அட்டிலில் அண்மையில் ஈன்ற நாய் கிடக்கிறது. கண் திறவாத குட்டிகள் பாலில்லாத முலையைக் கவ்வ, வலி பொறாமல் தாய் குரைக்கிறது. பழஞ்சுவரைக் கறையான் அரித்திருக்கிறது. அரித்த புழுதியில் காளான் பூத்திருக்கிறது. பசியால் மெலிந்த கிணைமகள் குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பின்றி வேகவைத்து, அறிவிலார் கண்ணில் படலாகாதென நாணி, வாயிலை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள்.

வகுப்பறைகளில் இப்பகுதி காலங்காலமாக ஒரே வகையில்தான் விளக்கப்பட்டு வருகிறது. குப்பைக்கீரை வறுமையின் சின்னம், அதை உண்பது இழிவு, ஆதலால் நாணம், ஆதலால் கதவு. தேர்வுத்தாளில் இதை எழுதிய மாணவர்க்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் தருமபுரி மாவட்டத்து ஏரியூர்ப் பகுதியிலிருந்து வந்து இப்பாடலைக் கற்கும் பெண்பிள்ளை ஒருத்திக்கு இவ்விளக்கம் விளங்குவதில்லை. அவள் வீட்டில் வேளைக்கீரை திறந்த கதவுக்குப் பின்னால், நடுமுற்றத்தில், அண்டை வீட்டாரோடு பேசிக்கொண்டே ஆய்ந்து கடையப்படுகிறது. களிக்கு அதுவே கூட்டு. இதில் நாணுவதற்கு என்ன இருக்கிறது?

அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லாமல் அப்பாடலைப் படித்ததாகக் கொள்ள இயலாது.

ஏரியூர் பென்னாகரத்துக்குத் தெற்கே, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் நீர்ப்பரப்புக்கு அண்மையில் உள்ள ஊர். முன்பு பென்னாகரம் ஊராட்சி ஒன்றியத்தில் அடங்கியிருந்து, பின்னர்த் தனி ஒன்றியத்துக்குத் தலைமையிடமாயிற்று. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையின் நீர் இவ்வளவு அருகில் விரிந்து கிடந்தாலும், இப்பக்கத்து உழவு பெரும்பாலும் வானம் பார்த்த உழவே. நாகமரைத் துறையில் நின்று பார்ப்பவருக்குக் கண்ணெட்டும் தொலைவு தண்ணீர். திரும்பிப் பார்த்தால் கேழ்வரகும் சாமையும் கொள்ளும் விளையும் செம்மண் மேடு. இம்மேட்டு நிலத்துக்கு இங்கே வழங்கும் பெயர் கொல்லை. தஞ்சைப் பக்கத்தில் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம். தகடூர் நாட்டிலோ கொல்லை என்பது புன்செய். சங்கப் பாடல்களின் முல்லை நிலத்துக் கொல்லையும் அதுவே. வீட்டின் பின்புறத்துக்கு இங்குள்ள சொல் புழக்கடை, பேச்சில் பொழக்கடை. ஒரு சொல்லின் பழம்பொருளை மக்கள் நாவு இரண்டாயிரம் ஆண்டு காத்திருக்கிறது என்பதை அகராதியாளர் கவனித்தால் நன்று.

பொழக்கடை பெரிய இடமன்று. பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் ஓடிச் சேரும் இடத்தில் ஒரு வாழை, அதையடுத்து முருங்கை, வேலியில் கோவையும் பிரண்டையும், கூரைமேல் ஏறிய சுரை அல்லது பூசணி, பந்தலில் அவரை, நான்கு முழப் பாத்தியில் சிறுகீரையோ புளிச்சகீரையோ, ஓரத்தில் எருக்குழி. இவ்வளவின் ஊடேயும் கோழிகள் காலை முதல் மாலை வரை தம் விருப்பம்போல் திரிகின்றன. விதைத்தது பாதி, தானே முளைத்தது பாதி என்பதே இத்தோட்டத்தின் இயல்பு. அந்தத் தானே முளைத்த பாதியைத்தான் புலவர்கள் குப்பைக்கீரை என்றார்கள்.

வேளைக்கீரையைக் குப்பையில் முளைத்த இழிபொருள் என்று கருதுவோர் ஒன்றை அறிய வேண்டும். இதே செடி ஆப்பிரிக்க நாடான கென்யாவில் விதைத்துப் பயிரிடப்பட்டுச் சந்தைகளில் விலைக்கு விற்கப்படும் மதிப்புள்ள கீரை. கைப்புச் சுவையுடையது, வேகவைத்து நீரை இறுத்துக் கடைந்தால் கைப்பு தணியும். செடி ஒன்றே. ஓரிடத்தில் அது சந்தைப் பொருள். மற்றோரிடத்தில் நாணத்துக்குரிய பொருள். ஆகவே நாணம் செடியில் இல்லை.

பின் எங்கே இருக்கிறது? புறநானூற்றின் 159-ஆம் பாட்டை இதனோடு வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது. பெருஞ்சித்திரனார் குமணனிடம் தம் வீட்டு நிலையைச் சொல்கிறார். சாவு வரவில்லையே என்று தன்னையே வெறுத்து, கோலூன்றி, முற்றத்துக்கும் வரமாட்டாத முதிய தாய். குழந்தைகள் பிசைந்து உண்டு வற்றிய மார்புடைய மனைவி. அம்மனைவி குப்பைக்கீரையைப் பறித்து, உப்பின்றி, மோரின்றி, சோற்றை மறந்து, வெறும் இலையை உண்கிறாள். இங்கும் உப்பில்லை என்பது தனியே எடுத்துச் சொல்லப்படுகிறது. இரு வேறு புலவர், இரு வேறு வள்ளல்கள். இருவரும் கீரையைச் சொன்னவுடன் உப்பின் இன்மையைச் சொல்கின்றனர். கீரை உண்டது வறுமையன்று; கீரைக்கு உப்பிட இயலாததே வறுமை.

இது சிறிய வேறுபாடு போலத் தோன்றும், சிறிதன்று. கீரை குப்பைமேடு தருவது. உப்பு அவ்வாறன்று. அது கடற்கரையிலிருந்து உமணரின் வண்டியில் வந்து, உள்நாட்டில் நெல்லுக்கு மாற்றாகக் கிடைத்த பண்டம். உப்பைப் பெற வேண்டுமானால் கொடுப்பதற்குக் கையில் ஏதேனும் ஒன்று வேண்டும். இம்மனைவியரிடம் அது இல்லை. நிலம் தந்ததைப் பறிக்கும் அறிவு அவர்களிடம் நிறைய இருந்தது. மாற்றிக்கொள்ளும் பொருள் ஒன்றுகூட இல்லை.

பறிக்கும் அறிவு என்பது மிகைச்சொல் அன்று. பெருஞ்சித்திரனார் மனைவி பறித்தது முன்பே கிள்ளிய கணுவில் மீண்டும் கிளைத்த இளந்தளிரை என்று பாட்டுத் தெளிவாகவே சொல்கிறது. வேரோடு பிடுங்கினால் அடுத்த வேளைக்கு இல்லை. கிள்ளினால் எட்டாம் நாள் மறுபடி தளிர்க்கும். ஏரியூர்ப் பக்கத்தில் கீரை பறிக்கும் பெண்கள் இன்றும் இதைத்தான் செய்கிறார்கள். புதிதாகப் பறிக்க வரும் சிறுமி செடியைப் பிடுங்கிவிட்டால், “வேரோட வராத புள்ள, நாளைக்கு எதக் கிள்ளுவ?” என்று அதட்டல் விழுகிறது. வறுமைப் பாட்டு என்று வகுப்பறை தள்ளிவைத்த ஒன்றுக்குள் இவ்வளவு நுட்பமான உழவறிவு பதிந்து கிடக்கிறது. உரையாசிரியர்கள் இவ்விடத்தைச் சொற்பொருள் மட்டும் கூறிக் கடந்துவிடுவது வருந்தத்தக்கது.

அவையோரே, இனி அவ்விரு வீடுகளிலும் இல்லாத ஒன்றைக் காண வேண்டும். சிறுபாணன் வீட்டில் நாய் உண்டு, கறையான் உண்டு, காளான் உண்டு. பெருஞ்சித்திரனார் வீட்டில் தாய், மனைவி, மக்கள். இரண்டிலும் கோழி இல்லை. குப்பைமேடு இருக்கிறது, குப்பையைக் கிளறும் கோழியைக் காணோம். கோழி சங்கப் பாடல்களில் அரிதான உயிரன்று. பெரும்பாணாற்றுப்படை காட்டும் உழவர் வீட்டில், வெண்ணெற் சோற்றோடு மனையில் வளர்ந்த பெட்டைக்கோழியின் வாட்டு விருந்தினர்க்குக் கிடைக்கிறது. பட்டினப்பாலையில் முற்றத்தில் உலரும் உணவைக் கவர வரும் கோழிமேல் மகளிர் காதிலணிந்த கனத்த குழையைக் கழற்றி எறிகின்றனர். ஆகவே கோழியில்லாமை தற்செயலாக விடுபட்டதாகத் தோன்றவில்லை. ஊர் ஊராகச் செல்லும் பாணர் குடிக்கு அடைகாக்க இருபத்தொரு நாள் ஓரிடத்தில் இருக்கும் வாழ்வு இல்லை. கோழிக்கு இடும் நொய்யும் இல்லை.

கோழி இருக்கும் ஓர் எளிய வீட்டையும் புறநானூறு காட்டுகிறது. அது 326-ஆம் பாட்டு. இரவு நேரம். வேலியோரத்தில் வெருகுப்பூனையின் நடமாட்டம் கண்டு இளம்பேடை உயிர் நடுங்கி அலறுகிறது. அவ்வேளையில் பருத்தி நூற்கும் பெண் ஒருத்தி, பஞ்சின் செத்தையைப் புடைத்துப் போக்க எழுந்திருக்கிறாள். அவள் ஏற்றிய சிறுவிளக்கின் ஒளியில், முருக்கம்பூப் போன்ற கொண்டையுடைய சேவல் பக்கத்தில் நிற்பதைக் கண்டு பேடையின் அச்சம் தணிகிறது. செல்வர் வீடன்று இது. இரவிலும் உழைத்தாலன்றி நடவாத வீடு. எனினும் இங்கே ஒரு பெண்ணுக்குச் சொந்தக் கைத்தொழில் இருக்கிறது. அவள் விளக்கின் எல்லைக்குள் ஒரு பேடையும் இருக்கிறது. நூலும் முட்டையும், இரண்டும் மாற்றிக்கொள்ளத் தக்கவை. இவள் கீரை உப்பில்லாமல் வெந்திராது என்று கருதலாம்.

இப்படிக் கருதுவதற்கு ஏரியூர் போன்ற ஊர்களின் நடைமுறையே துணை. நிலம் ஆண் பெயரில். மாடு ஆண் கணக்கில். விளைச்சலை விற்ற பணமும் ஆண் மடியில். கோழி மட்டும் பெண்ணுடையது. இதற்குச் சட்டம் இல்லை, பத்திரம் இல்லை. ஊரறிந்த வழக்கம், அவ்வளவே. முட்டை விற்ற காசை எண்ணிக் கேட்கும் கணவனை ஊரே எள்ளும். முன்பு சிறு கடைகளில் முட்டையைக் கொடுத்து உப்பும் சீயக்காயும் மிளகாயும் வாங்குவது பரவலான வழக்கமாக இருந்தது. சுருக்குப்பையில் காசு இல்லாத நாளிலும் மண்பானையில் ஈரமணலுக்குள் இரண்டு முட்டை இருந்தால் உலை உப்பில்லாமல் கொதிக்காது. பிள்ளைக்குப் பலப்பம் வாங்கியதும், திருவிழாவுக்கு வளையல் வாங்கியதும், தாய்வீட்டுச் சாவுக்குப் போகப் பேருந்துக் கட்டணம் கொடுத்ததும் அந்த மணற்பானைதான்.

இந்த உடைமை கைம்மாறும் முறையும் அழகானது. புதிதாக மணமாகி வந்தவளுக்குத் தாய்வீட்டிலிருந்து ஒரு வெடைக்கோழி வரும். இல்லாதவள் இருப்பவளிடம் வாரத்துக்கு வாங்குவாள். கோழி ஒருத்தியுடையது, வளர்ப்பவள் மற்றொருத்தி, பொரித்த குஞ்சில் பாதிப்பாதி. அடைக்கோழி இல்லாத வீட்டு முட்டையை அடைக்கு உட்கார்ந்த அடுத்த வீட்டுக் கோழியின் கீழ் வைப்பதும் உண்டு. அளந்து வாங்கி அளந்து திருப்பிக் கொடுப்பதைப் பழந்தமிழ் குறியெதிர்ப்பை என்கிறது. குமணனிடம் பெருஞ்செல்வம் பெற்றுத் திரும்பிய பெருஞ்சித்திரனார், தமக்குக் குறியெதிர்ப்பை தந்தவர்க்கும் கொடு என்று மனைவியிடம் சொல்வது 163-ஆம் பாட்டில் உள்ளது. கொடுத்தவர் யார்? அண்டை வீட்டுப் பெண்கள்தாம். வள்ளல் குமணனுக்குப் பாட்டு இருக்கிறது. அவனுக்கு முன்பே நாழியரிசி கொடுத்த அந்தப் பெண்களுக்குப் பாதி அடிதான் கிடைத்தது.

தமிழகத்தில் மகளிர் தன்னுதவிக் குழுக்கள் 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு முதன்முதலில் தொடங்கப்பட்டது தருமபுரி மாவட்டத்தில்தான் என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. வாரந்தோறும் சிறுதொகை சேமிக்க வேண்டும் என்று அலுவலர் வந்து சொன்னபோது, சேமிப்பது எப்படி என்று இங்குள்ள பெண்களுக்குக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. முட்டையாகச் சேர்த்ததை ஏட்டில் எழுதச் சொன்னார்கள் என்ற அளவில் அவர்கள் அதை எளிதில் ஏற்றுக்கொண்டிருப்பார்கள்.

அடைவைக்கும் கலையைச் சற்று விரித்துச் சொல்லியாக வேண்டும். கவிஞர்கள் கேட்க வேண்டியது அது. நாட்டுக்கோழி ஒரு தடவைக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு, பதினைந்து முட்டையிடும். பிறகு உடல் சூடேறி, இறகு சிலிர்த்து, ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு எழ மறுக்கும். அப்போது பழங்கூடையில் மணலோ உமியோ பரப்பி, முட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து வைப்பார்கள். கூடவே ஓர் இரும்புத்துண்டு, ஒரு கரித்துண்டு, ஒரு வரமிளகாய். இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும். இரும்பு அதைத் தாங்கும் என்பது நம்பிக்கை. அறிவியல் இதை ஒப்புமா என்பது வேறு. பிறக்காத உயிருக்காக இடியோடு உடன்படிக்கை செய்துகொள்ளும் மனம் கவிஞர்க்குரியது. இருபத்தொன்றாம் நாள் முட்டைக்குள் கீச்சொலி கேட்கும். தாய்க்கோழி தானாக இறங்கும்வரை யாரும் தொடுவதில்லை.

குஞ்சுக்கு முதல் உணவு கேழ்வரகு நொய். அதனோடு கறையான். பழம்பானையில் சாணமும் ஈரவைக்கோலும் கந்தல் சாக்கும் திணித்து, கறையான் நடமாடும் மண்ணில் மாலையில் கவிழ்த்துவைத்தால் மறுநாள் காலையில் பானை நிறையக் கறையான். சிறுபாணன் வீட்டுச் சுவரை அரித்த அதே பூச்சி இங்கே குஞ்சுக்குத் தீனியாகிறது. கோழியில்லாத வீட்டில் கறையான் அழிவு. கோழியுள்ள வீட்டில் அது வரவு.

இவ்வளவு சொன்னதும் புழக்கடை வாழ்வு இனிமையே உருவானது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தோட்டமும் கோழியும் பிறவிப் பகை. நேற்று விதைத்த பாத்தியை இன்று கோழி சீய்த்துவிடும். அதனால் பாத்திமேல் வேலமுள் பரப்பப்படுகிறது. விதைப்புக் காலத்தில் கோழி பஞ்சாரத்துக்குள் சிறைப்படுகிறது. தெருச்சண்டைகளில் பாதி கோழியால் வருவது. “உங்க கோழி எங்க பாத்தியச் சீச்சிப் போட்டுதுக்கா” என்று மரியாதையாகத் தொடங்குவது, பத்து நிமிடத்தில் மூன்று தலைமுறைக் கணக்கைத் தீர்க்கும் அளவுக்குப் போய்விடும். பருந்து ஒன்றைத் தூக்கும். கீரி இரண்டைக் கடிக்கும். விருந்தினர் வந்தால் ஒன்று குறையும். மருமகன் தெருமுனையில் வரும்போதே சேவல் பரண்மேல் ஏறிக்கொள்வதாக ஊரில் கேலி உண்டு.

இப்பகையைப் பற்றிப் புறநானூற்றின் 320-ஆம் பாட்டு ஓர் அரிய காட்சியைத் தருகிறது. வேட்டுவன் களைப்பால் உறங்குகிறான். முற்றத்தில் பழக்கப்பட்ட பெண்மானோடு ஆண்மான் ஒன்று கூடி விளையாடுகிறது. மான்தோலில் தினை உலர்கிறது. கானக்கோழியும் இதலும் வந்து அதைத் தின்கின்றன. வேட்டுவன் மனைவி ஓட்டவில்லை. கையைத் தட்டினால் கணவன் விழிப்பான், மான்கள் பிரியும். அசையாமல் நிற்கிறாள். பட்டினப்பாலையின் செல்வமகள் கோழிமேல் பொற்குழையை எறிகிறாள். புகார் நகரத்து வளத்தைக் காட்ட அது நல்ல காட்சிதான். ஆயினும் எறிவதற்குக் குழை உடையவளைவிட, ஓட்டாமல் நின்றவளே பெரிய செல்வி என்று சொல்லத் தோன்றுகிறது. வீட்டுக்குள் இருந்த தினையே அவ்வளவுதான் என்பதையும் மறக்கலாகாது.

கானக்கோழி இப்பகுதிக்குப் புதியதன்று. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழிக்கும் வீட்டுக்கோழிக்கும் உள்ள உறவு பற்றி 2008-இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று வியப்பான செய்தியைத் தந்தது. வீட்டுக்கோழியின் முன்னோர் செந்நிறக் காட்டுக்கோழி. எனினும் அதன் தோலுக்கும் காலுக்கும் மஞ்சள் நிறம் தரும் மரபுக்கூறு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று அவ்வாய்வு காட்டியது. உலகெங்கும் மஞ்சள் காலோடு திரியும் கோழிகள் நம் நாட்டுக் காட்டின் ஒரு துளியைச் சுமந்து திரிகின்றன.

சேவலுக்குத் தமிழில் குறையில்லை. முருகன் கொடியில் ஏறிற்று. யானையை வென்றதாகக் கதை பெற்று உறையூருக்குக் கோழி என்று பெயர் தந்தது. வாரணம் என்ற ஒரே சொல் யானைக்கும் அதற்கும் பொதுவாயிற்று. சண்டையில் மாண்ட சேவலுக்கு நடுகல்லே நட்டிருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்திலும், மதுராந்தகம் பக்கத்து இந்தளூரிலும் அத்தகைய கற்கள் கிடைத்துள்ளன. குறுந்தொகையின் 107-ஆம் பாட்டில் தலைவியின் துயிலைக் கலைத்ததற்காகச் சேவல் வசவு வாங்குகிறது. வசவும் ஒருவகைப் புகழே. பேடைக்கு என்ன கிடைத்தது? மரபியலில் அளகு என்ற பெயர் கிடைத்தது. அதையும் கூகையோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. போரில் செத்த சேவலுக்குக் கல். குடும்பத்துக்கு உப்பு வாங்கிக் கொடுத்த பெட்டைக்குப் பாட்டில் ஓரிரு அடிகள். இன்றைய கவிதைகளிலும் கிராமம் என்றால் சேவல் கூவியே பொழுது விடிகிறது. அடைகாக்கும் கோழியின் இருபத்தொரு நாள் மௌனத்தைப் பாடியவர் மிகச் சிலர்.

அந்தப் பேடைக்கு இக்காலத்தில் நேர்ந்தவற்றையும் சொல்ல வேண்டும். முதலாவது, நோய். வெள்ளைக்கழிச்சல் என்று ஊரில் சொல்லும் நோய்க்கு நூல்களில் இராணிக்கேத்து நோய் என்று பெயர். வடக்கே இமயமலைச் சாரலில் உள்ள ஓர் ஊரின் பெயர் அது. 1920-களின் பிற்பகுதியில் அங்கு இந்நோய் கண்டறியப்பட்டதால் வந்தது. கோடையில் ஒரு தெருவில் நுழைந்தால் நான்கைந்து நாளில் கூடை காலியாகும். கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம் அரைத்து உருட்டிக் கொடுப்பார்கள். கால்நடை மருந்தகத்தில் முன்னதாகவே தடுப்பூசி போட்டுக்கொண்டால் காக்கலாம். திறந்த வெளியில் திரியும் கோழியைப் பிடித்துக் கூடையில் போட்டு அவ்வளவு தொலைவு நடப்பவர் குறைவு. ஒரே வாரத்தில் ஒரு பெண்ணின் சேமிப்பு முழுவதும் எருக்குழிக்குப் போவதை நேரில் கண்டவர்க்குத்தான் அதன் கனம் தெரியும்.

இரண்டாவது, பண்ணைமுட்டை. பக்கத்து நாமக்கல் நாட்டுக்கே முட்டை வழங்கும் ஊராக வளர்ந்தது. கூண்டுக்கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ முந்நூறு முட்டையிடும். புழக்கடைக் கோழி அறுபது, எண்பது இட்டால் மிகுதி. இதை இகழ்வது எளிது, இகழ்வது முறையன்று. 1989-இல் சத்துணவில் முட்டை சேர்க்கப்பட்டபோது, இரு வாரத்துக்கொரு முறை என்று தொடங்கி, பின்னர்ப் பள்ளி நாள்தோறும் என வளர்ந்தது. ஏரியூர்ப் பிள்ளையின் தட்டில் அம்முட்டையை வைத்தது கூண்டுக்கோழியே. தாய் தன் கோழியின் முட்டையை விற்றாக வேண்டியிருந்ததால் பிள்ளைக்குக் கொடுத்திருக்க மாட்டாள். இழப்பு வேறிடத்தில் உள்ளது. மணற்பானை முட்டைக்கு உப்பு கொடுத்த கடைக்காரர் இன்று அட்டை அட்டையாகப் பண்ணைமுட்டை அடுக்கி வைத்திருக்கிறார். அவருக்கு இவளிடம் வாங்க வேண்டிய தேவை இல்லை. நாட்டுக்கோழி முட்டைக்கு நகரத்தில் கூடுதல் விலை உண்டு என்பது உண்மை. ஆனால் அவ்விலையைக் காண இவள் பேருந்து ஏற வேண்டும்; அல்லது இடைத்தரகருக்குக் கொடுக்க வேண்டும். வாசலில் நடந்த மாற்று வாசலைவிட்டு விலகிவிட்டது.

மூன்றாவது, கீரை. ஆடிப்பட்டத்தில் விதைத்த கேழ்வரகுக் கொல்லையில் களையெடுக்கப் போகும் பெண்கள் களையைக் களையாகப் பார்ப்பதில்லை. பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமிட்டி, சாரணை, வேளை, தும்பை, கானாவாழை, முடக்கத்தான், மணத்தக்காளி என்று மடியில் தனித்தனியே சேரும். மாலையில் எல்லாம் ஒரே சட்டியில் கலவைக்கீரையாகக் கடையப்படும். மழைக்காலத்துக்கு இவை, கோடைக்கு முருங்கையும் பிரண்டையும் புளியங்கொழுந்தும். களைக்கொல்லி தெளித்த கொல்லையில் இவற்றில் ஒன்றும் மிஞ்சாது, மிஞ்சினாலும் பறிக்கலாகாது. களையெடுக்கும் கூலி மிச்சம் என்று தெளிப்பவர் கணக்கிடுகிறார். ஆட்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்ட ஊரில் அக்கணக்கைக் குறைசொல்ல இயலாது. இருப்பினும் களையோடு பத்து வேளைக் குழம்பும் பத்துப் பெயரும் போகின்றன. பண்ணைக்கீரையைப் பார்த்தறியாத சிறுமிக்குப் பண்ணை என்ற சொல் கோழிப்பண்ணையை மட்டுமே குறிக்கும்.

கவிஞர் பெருமக்களிடம் ஒரு குறையைச் சொல்லலாம் என்றால் அது இதுதான். கீரை என்ற பொதுச்சொல் இன்றைய கவிதைகளில் நிறைய வருகிறது. பாட்டியின் கைமணத்தோடு சேர்ந்தே வருகிறது. நத்தத்தனார் கீரை என்று எழுதவில்லை. வேளை என்று எழுதினார். எந்தக் கணுவில் கிளைத்த தளிர் என்பதுவரை பெருஞ்சித்திரனார் பார்த்தார். பசியை அருகிலிருந்து கண்டவர்கள் பெயரைத் தவறவிடுவதில்லை. ஏக்கம் மட்டும் உள்ள இடத்தில் பெயர்கள் மங்குகின்றன. பாட்டி எந்தக் கீரையைக் கடைந்தாள், அதற்கு உப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்த்த கவிதை இனித்தான் எழுதப்பட வேண்டும்.

ஏரியூர்ப் பக்கத்தில் பொழுது சாய்கிறது. கோழிகள் தாமாகவே வீடு திரும்புகின்றன. நொய்யைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி “பா... பா... பா...” என்று அழைத்தபடி ஒவ்வொன்றாக எண்ணிக் கூடையில் அடைக்கிறாள். ஒன்று குறைகிறது. மறுபடி எண்ணுகிறாள், வேலியோரம் பார்க்கிறாள், எருக்குழிப் பக்கம் பார்க்கிறாள். காலையில் பாத்தி சீய்த்ததற்காக வாய்ச்சண்டை நடந்த வீட்டுக்கும் அவளுக்கும் இடையே கிளுவை வேலி ஒன்றுதான். சற்றுத் தயங்கி நிற்கிறாள், பிறகு வேலிக்கு மேலாகக் குரல் கொடுக்கிறாள்: “ஏன்க்கா, எங்கூட்டுக் கருப்பு வெடை உங்கூட்டுக் கூடையில அடைஞ்சிருக்குதா, கொஞ்சம் பாருங்க.”

உள்ளேயிருந்து பதில் வருமுன் விளக்கு வருகிறது.